கார் டயர்ல காத்து தானா எறங்குதா? காரணத்த வீட்லயே கண்டுபிடிக்கிற வழி

ஒரு மாசமா வண்டிய எடுக்கவே இல்ல, ஆணி ஏறல, பள்ளத்துல விடல, ஆனா போய் காத்தழுத்தம் அளக்குற கேஜ் வச்சு பாத்தா நாலு டயர்லயும் காத்து கொறஞ்சிருக்கு. இத பாத்ததும் சில பேர் பஞ்சர்தான்னு பதறிப்போய் கடைக்கு ஓடுவாங்க, சில பேர் "டயர்னா எறங்கத்தான் செய்யும்"னு காத்த அடிச்சிட்டு அதோட மறந்துடுவாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. எந்த டயரா இருந்தாலும் காத்து எறங்கும், அது நிக்கவே நிக்காது. ஆனா எவ்ளோ வேகமா எறங்குது, நாலும் ஒண்ணா எறங்குதா இல்ல ஒண்ணு மட்டும் தனியா எறங்குதா, இந்த ரெண்டு கேள்விக்கு பதில் தெரிஞ்சா போதும், கவலைப்படணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லிடலாம். அதுக்கு வேண்டியது ஒரு நல்ல கேஜ், ஒரு துண்டு பேப்பர், ஒரு பேனா.

எப்படி பாக்குறதுன்னு சொல்றதுக்கு முன்னாடி காத்து ஏன் போகுதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா காரணம் புரிஞ்சாதான் பேப்பர்ல எழுதுற நம்பருக்கு அர்த்தம் இருக்கும்.

ரப்பர் வழியாவே காத்து போகும்

ரப்பர தொட்டு பாத்தா கெட்டியா, ஓட்ட ஒடசல் எதுவும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள அது நீள நீளமான மூலக்கூறு சங்கிலிங்க நூல்கண்டு சிக்கிக்கிட்ட மாதிரி பின்னி கெடக்குற ஒரு பொருள், அந்த சங்கிலிங்க சும்மா கெடக்காது, எப்பவும் அசைஞ்சுகிட்டே இருக்கும், அசையும்போது நடுவுல கண்ணுக்கு தெரியாத சந்து தெறந்து தெறந்து மூடும், உள்ள அழுத்தத்துல இருக்குற காத்து அந்த சந்து வழியா கொஞ்சம் கொஞ்சமா நகந்து வெளிய வந்துடும். பிறந்தநாளுக்கு கட்டுன பலூன நெனச்சு பாருங்க, வாய எவ்ளோ இறுக்கி முடிச்சு போட்டாலும் ரெண்டு நாள்ல தொவண்டு போயிடும், முடிச்சுல தப்பு இல்ல, பலூனோட தோல் வழியாவே காத்து போயிருக்கு.

இத தடுக்கத்தான் டியூப்லெஸ் டயரோட உள்பக்கம் முழுக்க தனியா ஒரு மெல்லிசான லேயர் ஒட்டியிருப்பாங்க, அது ஹேலோபியூட்டைல்ங்கிற ரப்பர். பியூட்டைல் வகை ரப்பர்ல காத்து ஊடுருவுறது இயற்கை ரப்பர விட பல மடங்கு கம்மி. ரேஸ் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லா தெரியும், லேடெக்ஸ்ங்கிற இயற்கை ரப்பர் டியூப் போட்டா ஓட்டுறதுக்கு முன்னாடி தெனமும் காத்து அடிச்சாகணும், பியூட்டைல் டியூப் போட்டா அந்த வேல இல்ல. பல மடங்கு கம்மின்னு சொன்னேனே தவிர சுத்தமா போகாதுன்னு சொல்லல, அதனாலதான் எந்த கொறையும் இல்லாத புது டயர்ல கூட மாசத்துக்கு 1 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு) வரைக்கும் எறங்கும், டயரோட வயசு, வெயில் இதெல்லாம் பொறுத்து கொஞ்சம் கூட கொறைய இருக்கலாம். சூடு ஏற ஏற ரப்பர் வழியா போற வேகமும் ஏறும், அதனால வெட்டவெளியில வெயில்ல நிக்கிற வண்டில நெழல்ல நிக்கிற வண்டிய விட சீக்கிரம் எறங்கும்.

இத சரி பண்ண முடியாது, பண்ணவும் வேண்டாம். மாசம் ஒரு தடவ அடிச்சா முடிஞ்சுது.

குளிருல கொறையுறது வேற கணக்கு

இங்கதான் ரொம்ப பேர் கொழம்புவாங்க. காத்து துளி கூட வெளிய போகாமலே கேஜ்ல நம்பர் கொறையும். காத்து சூடானா அழுத்தம் ஏறும், குளிர்ந்தா எறங்கும், டயருக்குள்ள அடைபட்ட காத்துக்கும் இதே கதிதான். ஒரு தடவ கணக்கு போட்டு பாத்துட்டா அப்புறம் சந்தேகமே வராது. 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது 32 பிஎஸ்ஐ அடிச்சு வச்சீங்கன்னு வைங்க. கேஜ் காட்டுறது வெளிய இருக்குற காத்தழுத்தத்துக்கு மேல எவ்ளோ இருக்குங்கிறத மட்டும்தான், அதனால வெளி அழுத்தம் 14.7ஐயும் கூட்டணும், மொத்தம் 46.7. வெப்பநிலைக்கு செல்சியஸோட 273 கூட்டணும், 303. இப்ப குளிர் வந்து 15 டிகிரி ஆயிடுச்சு, அது 288. 46.7ஐ 288ஆல பெருக்கி 303ஆல வகுத்தா 44.4 வரும், அதுல 14.7ஐ கழிச்சா 29.7. பாத்தீங்களா, ஓட்டையே இல்லாம 2.3 பிஎஸ்ஐ காணாம போச்சு! தோராயமா 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐன்னு மனசுல வச்சுக்கங்க, அது போதும்.

குளிர் காலத்துல காலைல வண்டிய எடுத்ததும் டேஷ்போர்டுல டயர் லைட் எரியும், கொஞ்ச தூரம் ஓடுனதும் தானா அணைஞ்சிடும், "சென்சார் ஏதோ தப்பா காட்டுது போல"ன்னு விட்டுடுவாங்க. சென்சார் சரியாதான் காட்டுது. ஏற்கனவே காத்து கம்மியா இருந்திருக்கு, குளிர் அத எல்லைக்கு கீழ தள்ளிடுச்சு, ஓடுனதுல டயர் சூடாகி திரும்ப மேல வந்துடுச்சு. லைட் அணைஞ்சா பிரச்சன தீந்துச்சுன்னு அர்த்தம் இல்ல.

அளக்குறத ஒழுங்கா அளந்தாதான் மத்ததெல்லாம்

டயர் கூலா இருக்கும்போது அளங்க. கூலான்னா வண்டி நின்னு கொறஞ்சது 3 மணி நேரம் ஆகியிருக்கணும், இல்லன்னா ஒண்ணு ஒன்றர கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கக்கூடாது. காலைல வெயில் டயர் மேல விழுறதுக்கு முன்னாடி பாக்குறது ரொம்ப நல்லது, ஒரு பக்கம் வெயில் பட்டா அந்த பக்க டயர் மட்டும் கூட காட்டும், நீங்க மத்த பக்கம் லீக்னு நெனச்சிடுவீங்க.

எவ்ளோ இருக்கணும்ங்கிறது டிரைவர் பக்க கதவ தெறந்தா அந்த தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும், மேனுவல்லயும் இருக்கும். முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு ஒண்ணு, ஆள் கம்மியா இருந்தா ஒண்ணு, ஃபுல் லோடுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. டயரோட பக்கவாட்டுல அச்சடிச்சிருக்குற நம்பர பாத்து அடிக்காதீங்க, அது அந்த டயர் தாங்குற உச்ச அழுத்தம், உங்க வண்டிக்கு சொன்னது இல்ல. கிலோபாஸ்கல்லயோ பார்லயோ போட்டிருந்தா பயப்பட வேண்டாம், 220 கிலோபாஸ்கல், 2.2 பார், 32 பிஎஸ்ஐ மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கேஜ் சொந்தமா ஒண்ணு வச்சுக்கங்க. விலை ஒசந்ததா இருக்கணும்னு இல்ல, எப்பவும் அதே கேஜா இருக்கணும், அதான் முக்கியம். ஏன்னா நமக்கு வேண்டியது போன தடவைக்கும் இந்த தடவைக்கும் நடுவுல உள்ள வித்தியாசம், ஒரு கேஜ் 1 பிஎஸ்ஐ கூட காட்டுனாலும் எப்பவும் அதே 1 கூட காட்டுனா வித்தியாசம் சரியா வந்துடும். நாளைக்கு ஒரு பங்க்ல ஒரு மெஷின், அடுத்த மாசம் வேற எடத்துல வேற மெஷின்னு பாத்தா அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே கெடையாது.

வால்வு மூடிய கழட்டி பாக்கெட்ல போட்டுக்கங்க, தரைல வச்சா உருண்டு போயிடும், மண்ணும் ஒட்டும். கேஜோட வாய நேரா வச்சு ஒரே அழுத்தா அழுத்துங்க, லேசா சாஞ்சிருந்தா புஸ்ஸுன்னு சத்தம் வரும், அப்ப வர்ற நம்பர நம்பாதீங்க, திரும்ப வைங்க. ரெண்டு தடவ ஒரே நம்பர் வந்தா எழுதிக்கங்க.

ஓடிட்டு வந்து சூடா இருக்குற டயர்ல ஸ்டிக்கர்ல சொன்னத விட 3, 4 பிஎஸ்ஐ கூட காட்டுறது சகஜம், அத பாத்து காத்த எறக்கி விடாதீங்க, ராத்திரி டயர் ஆறுனதும் கொறைவா போய் நிக்கும். வழியில அடிச்சே ஆகணும்ங்கிற நெலமைனா 3, 4 கூட வச்சே அடிச்சிட்டு, மறுநாள் காலைல கூலா பாத்து சரி பண்ணிடுங்க.

பேப்பர்ல என்ன எழுதணும், அது என்ன சொல்லும்

தேதி, அப்ப வெளிய எத்தன டிகிரி, நாலு டயரோட நம்பர். அவ்ளோதான். மொத நாள் நாலையும் 33ல சமமா வச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சு அதே மாதிரி காலைல பாருங்க. 32.5, 32.5, 32, 32.5 வந்தா நிம்மதியா இருங்க, இது ரப்பர் வழியா போறதுதான். 31, 31, 31, 31 வந்து வெளிய 12 டிகிரி கொறஞ்சிருந்தா அதுவும் குளிரோட வேலதான். ஆனா 32.5, 32.5, 32, 28 வந்தா? மூணு டயருக்கும் நாலாவதுக்கும் ஒரே வெயில், ஒரே குளிர், ஒரே ஓட்டம், அதனால அந்த நாலாவது டயருக்கு வேற சாக்கு சொல்ல வழியே இல்ல, அதுல எங்கயோ ஓட்ட இருக்கு.

டேஷ்போர்டு லைட்டு இருக்கும்போது பேப்பர் எதுக்குன்னு கேக்கலாம். அமெரிக்க விதிப்படி அந்த லைட் எரிய வேண்டியது ஸ்டிக்கர்ல சொன்ன அளவுல இருந்து 25 சதவீதம் கொறஞ்சா. அதாவது 32 இருக்க வேண்டியது 24க்கு வந்தாதான். 25, 26ல மாசக்கணக்கா ஓட்டிட்டு இருந்தாலும் லைட் எரியாம இருக்கலாம். அதுவும் சில வண்டில டயருக்குள்ள சென்சாரே இருக்காது, ஏபிஎஸ் பிரேக் அளக்குற சக்கர வேகத்த வச்சு எந்த சக்கரம் மத்தத விட வேகமா சுத்துதுன்னு பாத்து கண்டுபிடிக்கும், நாலும் ஒண்ணா எறங்குனா அந்த மாதிரி சிஸ்டத்துக்கு ஒப்பிட ஆளே இல்லாம போயிடும், கோட்ட விட்டுடும். லைட்ட கடைசி எச்சரிக்கையா எடுத்துக்கங்க, அத நம்பி செக் பண்ணாம இருக்காதீங்க.

ஒத்த டயர் மட்டும் எறங்குனா

என் வண்டில பின்னாடி இடது டயர் வாரத்துக்கு 3 பிஎஸ்ஐ எறங்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவ பஞ்சர் கடைக்கு கொண்டு போனேன், ரெண்டு தடவையும் தண்ணி தொட்டில முக்கி சுத்தி காட்டி "ஒண்ணும் இல்ல, பஞ்சரே இல்ல"ன்னு சொல்லி காத்தடிச்சு அனுப்பிட்டாங்க. அவங்க பொய் சொல்லல, பாத்த வரைக்கும் அவங்களுக்கு தெரியல, ஏன் தெரியலங்கிறதுதான் விஷயம். சாதாரண கார் டயருக்குள்ள சுமாரா 30 லிட்டர் எடம் இருக்கும். 3 பிஎஸ்ஐ எறங்குதுன்னா வெளிய வர்ற காத்து 6 லிட்டர் கிட்ட, அது ஒரு வாரம் முழுக்க. ஒரு நிமிஷத்துக்கு வகுத்து பாத்தா ஒரு மில்லிலிட்டருல பாதிய கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான். தொட்டில டயர கடகடன்னு சுத்துனா அந்த எடம் கண்ணு முன்னாடி நிக்கிறதே ரெண்டு மூணு செகண்டு, அதுக்குள்ள ஒரு குமிழி கூட உருவாகி பிரியாது. மெதுவான லீக்க புடிக்கணும்னா நாமளும் மெதுவா பாக்கணும், இத விட்டா வேற ரகசியம் எதுவும் இல்ல.

அன்னைக்கு வீட்லயே ஜாக்கி போட்டு சக்கரத்த கழட்டி, பாத்திரம் கழுவுற லிக்விட கொஞ்சமா தண்ணில நுரை பொங்காம கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால டயர் ரிம்ம சேர்ற விளிம்பு முழுக்க தடவி வச்சுட்டு பக்கத்துலயே உக்காந்தேன். வெளிப்பக்கம் ஒண்ணும் இல்ல. திருப்பி போட்டு உள்பக்கம் தடவி பத்து நிமிஷம் போல விட்டதும் ஒரு எடத்துல, ரெண்டு விரல் அகலத்துக்கு, கடுகு கடுகா வெள்ள நுரை கட்டி நின்னுச்சு, தொடச்சு விட்டு திரும்ப தடவுனா திரும்ப அதே எடத்துலயே. சாக்பீஸால ஒரு கோடு போட்டு கடைக்கு எடுத்துட்டு போனேன். டயர பிரிச்சு பாத்தா அலாய் வீல்ல டயரோட பீட், அதாவது ரிம்ல ஒட்டுற விளிம்பு, உக்கார்ற எடத்துல பெயின்ட் உப்பி, உள்ள வெள்ளையா பொடி பூத்து கெடக்கு. அலுமினியம் துருப்புடிக்காதுன்னு நாம நெனைக்கிறோம், இரும்பு மாதிரி செவப்பா துருப்புடிக்காது, ஆனா ஈரமும் உப்பும் பட்டா இப்படி வெள்ளையா பூக்கும், பூத்தா அந்த எடம் சொரசொரன்னு ஆயிடும், டயர் விளிம்பு அதுல ஒட்டி உக்காராது. வயர் பிரஷ்ஷால அத சுத்தமா தேச்சு எடுத்து, பீட் சீலர்னு ஒரு கருப்பு பசை இருக்கு, அத தடவி மாட்டுனாங்க. அதுக்கப்புறம் அந்த டயரும் மத்த மூணு மாதிரியே மாசத்துக்கு ஒண்ணு எறங்குது.

நீங்க தேடும்போது ரிம்ல ஆரம்பிக்க வேண்டாம், வால்வுல ஆரம்பிங்க, ரொம்ப சுலபம், சக்கரத்த கழட்டவே வேண்டாம்.

வால்வு

கார் டயர்ல இருக்குறது ஷ்ரேடர் வால்வு, ஆகஸ்ட் ஷ்ரேடர்ங்கிறவரோட பேர்ல வந்தது, 1893ல அமெரிக்காவுல பேடன்ட் ஆனது, அடிப்படை இன்னைக்கு வரைக்கும் அதேதான். நடுவுல ஒரு பின், ஒரு குட்டி ஸ்பிரிங், பின்னோட அடில ஒரு சின்ன ரப்பர் வளையம், உள்ள இருக்குற காத்தே அந்த வளையத்த மேல தள்ளி அழுத்தி அடைக்கும். பழைய மெக்கானிக்குங்க மூடிய கழட்டிட்டு விரல்ல எச்சில் தொட்டு வால்வு வாயில வைப்பாங்க, பாத்திருப்பீங்க. எச்சில் ஒரு தோல் மாதிரி வாய அடைச்சுக்கும், லீக் இருந்தா அது மெல்ல மெல்ல உப்பி ஒரு குமிழியா எழும்பி உடையும். சோப்பு தண்ணில ஒரு சொட்டு விட்டாலும் இதேதான், சும்மா ஒரு செகண்டு பாத்துட்டு போயிடாம ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

குமிழி வந்தா மொதல்ல பின் லூசா இருக்கான்னு பாருங்க, அதுக்குன்னே ஒரு சின்ன வால்வு கீ வரும், லேசா திருப்பி இறுக்குனா போதும், பலத்த காட்டுனா உள்ள இருக்குற சீல் நசுங்கிடும். இறுக்கியும் நிக்கலன்னா பின்னையே மாத்திடுங்க, ரொம்ப சின்ன சாமான், பின்ன கழட்டுனா காத்து முழுக்க வெளிய வந்துடும்ங்கிறதால பக்கத்துல பம்ப் இருக்கும்போது செய்யுங்க. முழுசா எறங்குனா வண்டியோட எடை டயர் மேல உக்காரும், அதனால ஜாக்கி போட்டு தூக்கிட்டு பண்றதுதான் சரி.

அடுத்தது வால்வோட ரப்பர் தண்டு. அத விரலால லேசா இந்த பக்கம் அந்த பக்கம் வளைச்சுகிட்டே அடிவாரத்துல சோப்பு தண்ணி விடுங்க. நேரா நிக்கும்போது கசியாது, வளைஞ்சாதான் வெடிப்பு தெறக்கும், வண்டி வேகமா ஓடும்போது சக்கரம் சுத்துற விசைல அது வெளிப்பக்கமா வளையும், நின்னா நேராயிடும், அதனால இந்த லீக் ஓட்டத்துல மட்டும் இருக்கும், நிக்கிற வண்டில தண்ட வளைக்காம தேடுனா கெடைக்காது. டயர் மாத்தும்போது கூடவே தண்டையும் மாத்திடணும்னு நான் கண்டிப்பா சொல்வேன், டயர் புதுசு தண்டு பழசுன்னு ஓட்டுறவங்கதான் இதுல மாட்டுறாங்க.

மூடி இல்லாம ஓட்டாதீங்க. காத்த அடைக்கிறது உள்ள இருக்குற பின்தான், ஆனா மூடி இல்லன்னா மண்ணும் ஈரமும் வால்வு வாயில போய் உக்காரும், அடுத்த தடவ காத்து அடிக்கும்போது அந்த மண்ண நாமளே பம்ப் வச்சு சீலுக்கு உள்ள தள்ளி விடுறோம், ஒரு மணல் துகள் போதும் சீல் சரியா உக்காராம போறதுக்கு. டயர் சென்சார் இருக்குற வண்டில தண்டு அலுமினியமா இருந்தா அதுக்கு அழகுக்குன்னு பித்தள மூடி, சாதா பித்தள பின் எல்லாம் போடாதீங்க, ரெண்டு வேற வேற உலோகம் ஈரத்துல சேந்தா அரிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கழட்டும்போது தண்டே ஒடைஞ்சு வந்துடும். அதுக்கு பிளாஸ்டிக் மூடியும் நிக்கல் பூசுன பின்னும்தான்.

ஆணி

வால்வு சரியா இருந்தா டயரோட தேயுற பாகத்த கண்ணால பாருங்க, கையால தடவாதீங்க, கம்பி கிழிச்சிடும். வண்டிய கொஞ்சம் முன்ன பின்ன நகத்துனாதான் முழு வட்டமும் தெரியும். ஆணியோ ஸ்க்ரூவோ ஏறி நிக்கும்போது அதுவே ஓட்டைய பாதி அடைச்சுக்கும், அதனாலதான் ஒரேடியா எறங்காம ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐன்னு எறங்கும். பாத்ததும் பிடுங்கணும்னு கை துறுதுறுன்னு இருக்கும், பிடுங்காதீங்க! உள்ள இருக்குற வரைக்கும் அதான் கார்க். காத்து அடிச்சுட்டு மெதுவா கடை வரைக்கும் ஓட்டிட்டு போங்க.

கடைல வெளிய இருந்தே ஓட்டைல ரப்பர் ஸ்ட்ரிப் குத்தி விடுறது அவசரத்துக்கு சரி. நெடுநாளைக்கு ஓட்டணும்னா டயர பிரிச்சு உள்பக்கத்துல இருந்து காளான் மாதிரி இருக்குற மஷ்ரூம் பேட்ச் போட சொல்லுங்க, தண்டு ஓட்டைய அடைக்கும், தலை உள் லேயர மூடும். பிரிக்கிறதுல இன்னொரு நன்மையும் இருக்கு, காத்து கம்மியா ரொம்ப தூரம் ஓடியிருந்தா உள்ள பக்கவாட்டு ரப்பர் அரைபட்டு கருப்பு தூளா கொட்டி கெடக்கும், அப்படி இருந்தா அந்த டயருக்கு பேட்சே போடக்கூடாது, வெளிய இருந்து பாத்தா அது தெரியாது. ஓட்ட 6 மில்லிமீட்டருக்கு மேல இருந்தாலோ, பக்கவாட்டுலயோ, தேயுற பாகமும் பக்கவாட்டும் சேர்ற தோள்பட்டை ஓரத்துலயோ இருந்தாலோ ஒட்டி ஓட்டலாம்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க, அந்த எடம் ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு நிமிருது, பேட்ச் தாங்காது.

டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் (ஓட்டைய அடைக்கிற திரவம்) பாட்டில் பத்தியும் சொல்லிடுறேன். நடுவழியில தனியா நிக்கும்போது அது நல்ல தொண, ஆனா அதோட விட்டுடாதீங்க, ஓட்டையோட காரணம் அப்படியேதான் இருக்கு, கடைல பிரிக்கும்போது உள்ள சீலன்ட் இருக்குன்னு முன்னாடியே சொல்லுங்க, அவங்க கழுவி எடுத்தாதான் பேட்ச் புடிக்கும்.

ரிம்

வால்வும் இல்ல ஆணியும் இல்லன்னா மிச்சம் இருக்குறது ரிம்தான். என் கதைல சொன்ன வெள்ளப்பூ ஒண்ணு, பள்ளத்துல விட்டு விளிம்பு நெளிஞ்சு போறது ஒண்ணு, அலாய்ல முடி மாதிரி வெடிப்பு விடுறது ஒண்ணு. பெரிய பள்ளத்துல தடார்னு விழுந்த அடுத்த வாரத்துல இருந்து ஒரு டயர் எறங்க ஆரம்பிச்சா சந்தேகத்த நேரா ரிம் மேல வைங்க. நெளிவு பெரும்பாலும் உள்பக்க விளிம்புல இருக்கும், நின்னு பாத்தா தெரியாது, கழட்டி சுத்தி விட்டு பாத்தா தெரியும். வெடிப்பு விட்ட அலாய ஒட்டி ஓட்டுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், மாத்திடுங்க.

டயர் ரொம்ப பழசாகி பக்கவாட்டுல கோடு கோடா வெடிப்பு விட்டிருந்தா இந்த தேடலே வேண்டாம். எப்ப செஞ்ச டயர்னு அது மேலயே இருக்கு, DOTனு தொடங்குற எழுத்து வரிசைல கடைசி நாலு எண், 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம்.

நைட்ரஜன் போட்டா நின்னுடுமா

நிக்காது, கொஞ்சம் கொறையும். நாம அடிக்கிற சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மிச்சம் இருக்குற ஆக்ஸிஜன்தான் ரப்பர் வழியா வேகமா ஓடுது. அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 மாடல் டயர எடுத்து 30 பிஎஸ்ஐல ஒரு வருஷம் ஓட்டாம வெளிய வச்சு பாத்தாங்க, சாதா காத்து இருந்ததுல சராசரியா 3.5 பிஎஸ்ஐ எறங்குச்சு, நைட்ரஜன்ல 2.2. ஒரு வருஷத்துக்கு வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ, ஒரு குளிர் காலைல கேஜ் எறங்குறதே அத விட அதிகம். கெட்டது எதுவும் இல்ல, சும்மா கெடச்சா போட்டுக்கங்க, ஆனா நைட்ரஜன் போட்டிருக்கோம்ங்கிற தைரியத்துல செக் பண்றத விட்டுட்டா நஷ்டம்தான். இன்னொரு விஷயம், சாதா காத்து அடிச்ச டயர்லயே ஆக்ஸிஜன் முந்திகிட்டு வெளிய போக, நீங்க மேல மேல அடிக்க அடிக்க உள்ள நைட்ரஜன் பங்கு தானாவே கொஞ்சம் கொஞ்சமா ஏறிகிட்டு வரும்.

ரெண்டு மூணு பிஎஸ்ஐக்கு இவ்ளோ பாடான்னு யாராவது கேட்டா, காத்து கம்மியான டயர் ஓடும்போது பக்கவாட்டு ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதலா நசுங்கி நிமிரும், அந்த நசுங்கல் எல்லாம் சூடா மாறும், முழு லோடோட வெயில்ல வேகமா போகும்போது டயர் வெடிக்கிறதுக்கு இந்த சூடு ஒரு முக்கிய காரணம். பயமுறுத்த சொல்லல, குடும்பத்தோட நீண்ட பயணம் கெளம்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்கன்னு கேக்குறேன். அதோட ரெண்டு ஓரமும் சீக்கிரம் தேயும், நாலு டயரோட சராசரில 1 பிஎஸ்ஐ கொறஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் போல அடி வாங்கும்னு அமெரிக்க எரிசக்தி துறை கணக்கு சொல்லுது.

மாசக்கணக்கா வண்டிய நிறுத்தி வைக்க போறீங்கன்னா ஸ்டிக்கர்ல சொன்ன அளவுக்கு முழுசா அடிச்சு நிறுத்துங்க, அப்பப்ப ஒரு முழம் முன்ன பின்ன தள்ளி வைங்க, ஒரே எடத்துல எடை உக்காந்தா அந்த எடம் தட்டையாயிடும். திரும்ப எடுக்குற அன்னைக்கு அளந்து பாக்காம ஓட்டிடாதீங்க.

கடைசியா ஸ்டெப்னி. அதுவும் ரப்பர்தான், அதுலயும் மாசாமாசம் எறங்கிகிட்டேதான் இருக்கும், ஓடாம கெடந்தா காத்து போகாதுன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷம் தொடாம விட்ட ஸ்டெப்னி தேவப்படுற அன்னைக்கு பாதி காத்தோட இருக்கலாம். வண்டிக்கு கொடுத்தது ஒல்லியான தற்காலிக சக்கரமா இருந்தா அதுக்கு மத்த நாலுக்கு அடிக்கிற அளவு பத்தாது, பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேணும், அது மேலயே எழுதியிருக்கும் பாருங்க. கேஜ் கையில இருக்கும்போதே டிக்கிய தெறந்து அதையும் அளந்து, நாலு நம்பருக்கு பக்கத்துல அஞ்சாவதா எழுதிடுங்க.